டப்பாவுக்குப் போட்ட சாப்பாடு

இரண்டு வருடம் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்த வேலை, அடுத்தவர் வீட்டுச் சோற்றைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம். ஈயம், காட்மியம், பாதரசம் மாதிரியான உலோகங்கள் சாப்பாடு வழியாகவும் புகை வழியாகவும் ஒரு மனிதனுக்குள் எவ்வளவு போகின்றன என்று அளப்பது அங்கே ஆராய்ச்சி. அளப்பது குளிர்சாதன அறையில் இருந்த இயந்திரத்தின் பாடு. அதற்குத் தீனி கொண்டுவந்து போடுவது என் பாடு.

முறை ரொம்ப எளிது என்றார் பேராசிரியை. எளிது என்று சொல்லுகிறவர்கள் யாரும் பஸ்ஸில் வருவதில்லை. மூன்று நாள் ஒருவர் என்ன சாப்பிடுகிறாரோ, அதே பண்டத்தை அதே அளவு எங்கள் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவிலும் போட வேண்டும். அவர் இரண்டு இட்லி தின்றால் டப்பாவுக்கும் இரண்டு இட்லி. அவர் அரை இட்லியை மிச்சம் வைத்தால் டப்பாவிலிருந்தும் அரை இட்லியை எடுத்துவிட வேண்டும். டீ குடித்தால் டப்பாவும் டீ குடிக்கும். பீடி குடிக்கிறவர் என்றால் குடித்து முடித்த துண்டுகளை ஒரு கவரில் சேர்த்து வைக்க வேண்டும். பதினாறு பக்கக் கேள்விப் படிவம் ஒன்றையும் நான் கேட்டு நிரப்ப வேண்டும். பிறகு நர்ஸ் வந்து ரத்தம் எடுப்பார். சோறு, பீடி, ரத்தம் மூன்றையும் அளந்தால் எது எந்த வழியாக உள்ளே போனது என்று தெரிந்துவிடும். தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

டப்பாக்களை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மடியில் வைத்துக்கொண்டு வருவேன். ஒருநாள் கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

“ஏம்மா, பெட்டிக்குள்ள என்ன? மீனா?”

“இல்லண்ணே. ஒருத்தர் மூணு நாளு சாப்பிட்ட சாப்பாடு.”

“சாப்பிட்டதா? பொறவு எப்படி பெட்டிக்குள்ள இருக்கு?”

விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்க விரும்பவில்லை. அதற்கப்புறம் என்னைப் பார்த்தாலே பின்சீட்டைக் காட்டிவிடுவார்.

ஆற்றங்கரைப் பக்கம் எடுத்த வீடுகளில் தொந்தரவே இல்லை. தாமிரபரணித் தண்ணீரில் பொங்கின சோறு, தயிர், ஒரு கூட்டு என்று அளந்து போட்டு, மூடியில் தேதி எழுதி வைத்திருப்பார்கள். வினை எல்லாம் கடற்கரையில்தான் இருந்தது. உவரியைத் தாண்டி ஒரு ஊர். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அந்த ஊரில் எனக்கு இனி மீன் கிடைக்காது.

அங்கே ஒரு அக்கா, அவர் புருஷன் ஒரு அண்ணாச்சி. பிள்ளைகள் வளைகுடாவில். அண்ணாச்சி ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர், இப்போது கரையில் ஒரு கொட்டகையில் இருந்து வலையும் தூண்டிலும் சரிபார்க்கிற வேலை. வாய் திறந்து பேசுவது அபூர்வம். ஒரு வருடமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு ‘வாயு’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அதற்கு நேர் எதிர். பேச்சுக்குப் பேச்சு, சிரிப்புக்குச் சிரிப்பு. சமையலில் அவரை அடித்துக்கொள்ள அந்தக் கரையில் ஆள் கிடையாது. கோவில் திருவிழாவின் கடைசி நாள் ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனம் நடக்கும். அதற்குக் குழம்பு வைப்பதும் உப்புப் பார்ப்பதும் அகப்பை பிடித்து ஊற்றுவதும் இருபது வருடமாக அக்காதான். ஊரில் அவருக்கு இருந்த பேர், மரியாதை எல்லாம் அந்த அகப்பையில்தான் இருந்தது.

அக்கா கொடுத்த டப்பா மாதிரி ஒரு டப்பா அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அடியில் வாழையிலையை நறுக்கிப் போட்டு, சோற்றைக் குவித்து, சீலா மீன் குழம்பு ஊற்றி, வறுத்த துண்டம் இரண்டு, மேலே அப்பளம். மூன்றாம் நாள் டப்பாவுக்கு வெற்றிலை பாக்கும் மடித்து வைத்திருந்தார். ஆய்வுக்கூடத்தில் மூடியைத் திறந்ததும் எல்லாருக்கும் பசித்துவிட்டது. அரைத்துக் கூழாக்குவதற்கு மனசே வரவில்லை.

அண்ணாச்சியின் பீடிக் கவர் வேறு மாதிரி. முதல் நாள் பதினாலு துண்டு. இரண்டாம் நாள் கவர் வெடிக்கிற மாதிரி நிறைந்திருந்தது. உள்ளே நாலைந்து சிகரெட் துண்டு, ஒரு சுருட்டு.

“அண்ணாச்சி, இம்புட்டும் நீங்க குடிச்சதா?”

“நாங் குடிச்சது கொஞ்சந்தான். மத்தது கொட்டகையில பயலுவ குடுத்தானுவ. ஒனக்குத் தேவைப்படும்லா?”

“எனக்கு எதுக்கு ஊரு எச்சி பீடி!”

“கோவப்படாத. காசா பணமா, எடுத்துட்டுப் போ.”

அந்த மூன்று நாளில் அவர் பேசியதில் அதுதான் நீளம்.

மூன்று வாரம் கழித்து பேராசிரியை என்னைக் கூப்பிட்டார். அண்ணாச்சியின் ரத்தத்தில் ஈயம் கன்னாபின்னாவென்று இருக்கிறது. பீடியில் இவ்வளவு வராது. ரத்தத்தை வெளியே அனுப்பி அளந்திருந்தார்கள். டப்பாவை அளக்கிற இயந்திரம் பழுதாகிக் கிடந்ததால் சாப்பாட்டு முடிவு வரவில்லை, ஆனால் சாப்பாடாகத்தான் இருக்க வேண்டும். “போய்ப் பக்குவமா விசாரிங்க,” என்றார். அனுப்ப வேண்டிய ஆளைப் பார்த்துத்தான் அனுப்பினார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் நீளம். கோபம் வந்தால் வாய்தான் முதலில் போய் நிற்கும், நான் பின்னால்தான் போய்ச் சேர்வேன்.

அன்றைக்குப் பார்த்து பஸ் சாத்தான்குளத்தில் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் வெயிலில் காலி ஐஸ் பெட்டியோடு நின்றேன். அடுத்த பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஊருக்குள் இறங்கி நடக்கும்போது தலை கொதித்துக்கொண்டிருந்தது. தெருக் குழாயடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அக்காவும் நின்றார்.

“ஏட்டி, டப்பாக்காரி வந்துட்டா! இன்னைக்கு டப்பாவுக்கு என்னட்டி ஆக்கட்டும்?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம்.

“டப்பா இருக்கட்டும் அக்கா. நீங்க அண்ணாச்சிக்கு என்னத்த ஆக்கிப் போடுதிய? அவிய ரத்தத்துல ஈயம் கொள்ளையாக் கெடக்கு. பீடியில இவ்வளவு வராதாம். ஒங்க சோத்துலதான் ஏதோ இருக்கு!”

ஒரு குடம் நிறைந்து வழிந்து தெருவில் ஓடியது, யாரும் குழாயை அடைக்கவில்லை. அக்கா சிரித்த வாய் அப்படியே நிற்க என்னைப் பார்த்தார். பிறகு பாதிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்லுவதற்குள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி போய்விட்டது. மாலைக்குள் கதை முழுதாகச் சமைந்துவிட்டது. அக்கா ஈயத்தைக் காய்ச்சிக் குழம்பில் ஊற்றுகிறாராம். ஒரு வருடமாக அண்ணாச்சிக்கு வயிறு பிடிப்பது அதனால்தானாம். வயிற்றுக்கு அக்கா போட்டுக் கொடுத்த ஓமத் தண்ணீரும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. ஏன் ஊற்றுகிறார் என்பதற்கு மட்டும் மூன்று வேறு வேறு காரணம் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலேயே தன்னோடு கூடப்பிறந்த அக்கா வீட்டில் போய்ச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். கேட்டதற்கு, “வயித்துக்கு ஒத்துக்கல, கொஞ்ச நாளைக்கு அங்கன சாப்பிடுதேன்,” என்றாராம். அவர் அந்த வாசலில் கை கழுவியதை ஊரே பார்த்தது. அதற்கு மேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை.

அடுத்த முறை நான் போனபோது பஸ் நிறுத்தத்திலேயே பெண்கள் காத்திருந்தார்கள், கையில் தூக்குச் சட்டி, கிண்ணம், ஊறுகாய் பாட்டில். எல்லாருக்கும் தங்கள் வீட்டுக் குழம்பில் ஈயம் இல்லை என்று ஒரு தாள் வேண்டும். ஒருவர் அதைச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு எந்த அளவில் கிடைக்கும் என்று கேட்டார். ஒரு மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முந்தானைக்குள்ளிருந்து ஒரு பாட்டில் ரசத்தை எடுத்து, “இது மருமவ வச்சது. இருக்குன்னு வந்தா எங்கிட்ட மட்டும் சொல்லு,” என்றார். முடியாது, முடியாது என்று தொண்டை வற்றக் கத்தினேன். கடைசியில் ஐஸ் பெட்டியில் ஏழு வீட்டுக் குழம்போடு திரும்பினேன்.

இதற்குள் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. கோவில் கமிட்டிக்காரர்கள் நாலு பேர் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். “இருவது வருசமா நிக்கிய, இந்த ஒரு வருசம் உக்காந்து சாப்பிடுங்க,” என்றார்களாம். அக்கா சரி என்று சொல்லி, அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார். நாலு பேரில் ஒருத்தரும் அந்தக் காப்பியைக் குடிக்கவில்லை.

இதைக் கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் ஒரு வாக்கியம் பேசினேன், அவ்வளவுதான். என் செருப்பைக் கழற்றி என்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இயந்திரம் சரியானதும் டப்பா முடிவு வந்தது. சாப்பாட்டில் சொல்லிக்கொள்கிற அளவுக்கு ஈயமே இல்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன். பஸ் மெதுவாகப் போகிறதென்று டிரைவரோடு சண்டை போட்டேன். அக்கா குசினியில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா! ஒங்க சாப்பாட்டுல ஒண்ணுமே இல்ல! இந்தா பாருங்க தாளு. வாங்க, கமிட்டியில போய் மூஞ்சியில எறிஞ்சிட்டு வருவோம்.”

அக்கா தாளை வாங்கவில்லை. அந்த நாள் குழாயடியில் பார்த்த மாதிரியே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அது அவிய தின்னது இல்லட்டி.”

“என்னக்கா சொல்லுதிய?”

“அவியளுக்கு எப்பவும் பழைய கஞ்சியும் சுட்ட கருவாடுந்தான். சீலா மீனு டப்பாவுக்கு வாங்குனது. டப்பா பாளையங்கோட்டைக்குல்லா போவுது? படிச்சவிய தெறந்து பாப்பாவ. எங்க வீட்டுல இருந்து கஞ்சியக் குடுத்து விடச் சொல்லுதியா?”

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தவரைக் கஞ்சி கொடுத்து அனுப்புகிற வழக்கம் அக்காவிடம் கிடையாது. டப்பாவை அவர் வந்தவராகத்தான் நினைத்திருக்கிறார். மூன்று நாள் டப்பாவுக்கு விருந்து வைத்தார், புருஷனுக்குக் கஞ்சி ஊற்றினார். நாங்கள் லட்சக்கணக்கில் விலையுள்ள இயந்திரத்தை வைத்து அந்த விருந்தை அளந்திருக்கிறோம்.

“அக்கா, இது யாருக்கும் தெரியாண்டாம். தாளு போதும். இதக் காட்டி அகப்பைய வாங்கிருவோம்.”

“பொய்த்தாள வச்சிக்கிட்டு அசனத்துக்கு அகப்பை பிடிக்கவா? போட்டி கூறுகெட்டவளே.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயத்துக்கு அல்ல. “ஊரு சொன்னா சொல்லிட்டுப் போட்டும். அவியளும்லா நம்பிட்டாவ. முப்பது வருசம் எங் கையால தின்னவிய. ஒரு நாளு இந்தப் படியில நின்னு, ‘எம் பொண்டாட்டி அப்படிச் செய்ய மாட்டா’ன்னு ஒரு சொல்லு சொன்னாவளா?”

மன்னிப்புக் கேட்டேன். அக்கா திரும்ப வெங்காயத்தை உரித்தார். அதிலிருந்து அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். டப்பாவும் வேண்டாம், யார் சொல்லும் வேண்டாம், அண்ணாச்சி வாய்க்குள் என்னென்ன போகிறதோ அத்தனையையும் என் கண்ணால் பார்த்து எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் தன் கூடப்பிறந்தாள் வீட்டில் பல் தேய்ப்பதிலிருந்து தொடங்கினேன். ‘7.40, கட்டன் சாயா ஒன்று. 7.50, பீடி ஒன்று. 8.30, இட்லி நாலு, சாம்பார்.’ கழிவறைக்குப் போனபோது மட்டும் தெருமுனையில் நின்றேன். அவர் பாவம், ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து மணிக்கு வலைக் கொட்டகைக்குப் போனார், நானும் போனேன். அவரோடு அங்கே இன்னும் நாலு பேர் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பழைய படகின் நிழலில் உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணாச்சி ஒரு தகர டப்பாவைத் திறந்தார். ஒரு கை அள்ளி வாயில் போட்டார். ‘10.20, பொரிகடலை, ஒரு கை’ என்று எழுதினேன். கன்னம் புடைத்தது. ஆனால் அவர் மெல்லவில்லை. மடியில் கிடந்த கயிற்றை எடுத்தார். உதட்டுக்கு நடுவில் ஒரு பொரிகடலை எட்டிப் பார்த்தது. அதைக் கயிற்றில் வைத்துப் பல்லால் நறுக்கென்று ஒரு கடி. அது கயிற்றைக் கவ்விக்கொண்டது. ஒரு சாண் தள்ளி அடுத்தது. பேனாவை வைத்துவிட்டுக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன்.

“அண்ணாச்சி, வாயில என்ன?”

அவர் வாயில் இருந்ததைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, “ஈயக் குண்டு,” என்றார். “வலை தண்ணிக்குள்ள முங்கணும்லா.”

“ஈயமா? தினமும் இப்படியா வாயில போடுதிய?”

“கையில எடுத்து எடுத்து வச்சா எப்பம் முடியும்? வாயில போட்டா சோலி சட்டுன்னு ஓடும்.”

“பதினாறு பக்கம் கேள்வி கேட்டேனே! வாய்க்குள்ள என்னல்லாம் போவுதுன்னு ஒண்ணு விடாம கேட்டேனே! இத ஏன் சொல்லல?”

அண்ணாச்சிக்கு நிஜமாகவே ஆச்சரியம். “தின்னுதது என்னன்னு கேட்ட, சொன்னேன். குடிக்கது என்னன்னு கேட்ட, சொன்னேன். பீடி கேட்ட, ஊரு பீடியே தந்தேன். இத நான் திங்கலையே, பிள்ள.”

நான் சுற்றிலும் பார்த்தேன். மற்ற நாலு பேரும் கயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேருக்கும் கன்னம் புடைத்திருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “துப்புங்கலே எல்லாத்தையும்!” என்று போட்ட சத்தத்தில் கரையில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. என்னைவிட இருபது வயது மூத்தவர்களை ‘லே’ போட்டுவிட்டேன். அவர்களும் பயந்துபோய்த் துப்பிவிட்டார்கள்.

அண்ணாச்சி உள்ளங்கையில் கிடந்த குண்டுகளை விரலால் உருட்டிப் பார்த்தார்.

“அப்பம் அவ சோத்துல ஒண்ணுமில்லையா?”

“நீங்க தின்ன கஞ்சி குத்தம் பண்ணல அண்ணாச்சி. நீங்க திங்காததுதான் பண்ணிருக்கு.”

அவர் முகம் சுண்டிவிட்டது. “இனி நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு வீட்டுக்குப் போவேன்?” என்றார்.

நர்ஸ் வந்து நாலு பேருக்கும் ரத்தம் எடுத்தார். நாலு பேருக்கும் ஈயம் ஏறித்தான் இருந்தது. நாலு வீட்டிலும் நாலு பெண்கள் சமைக்கிறார்கள், நாலு பேருமா ஈயத்தைக் காய்ச்சுவார்கள் என்று ஊருக்கே அப்போதுதான் உறைத்தது. வாட்ஸ்அப் குழுவில் நானே குரல் செய்தி போட்டேன், நான்தான் அவசரப்பட்டு உளறினேன், அக்கா மேல் ஒரு குற்றமும் இல்லை என்று. குழாயடியிலும் போய் நின்று அதையே கத்திச் சொன்னேன். கமிட்டிக்காரர்கள் அகப்பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்கள். இந்தத் தடவை காப்பியைக் கேட்டு வாங்கிக் குடித்தார்களாம். கொட்டகைக்குப் பல்லுக்குப் பதிலாக ஐந்து குறடு வந்து சேர்ந்தது. பேராசிரியை படிவத்தில் ஒரு கேள்வி கூட்டினார்: ‘தின்னாமல் வாயில் வைப்பவை எவை?’ அதற்கு வந்த பதில்களைப் படித்துவிட்டு, ஆணி, ஊக்கு, தையல் ஊசி என்று ஒரு ஊரே வாயில் எதையாவது வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறது என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா மட்டும் என்னிடம் பேசவில்லை. அண்ணாச்சியிடமும் பேசவில்லை. அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கஞ்சி வரும், கருவாடு வரும், பேச்சு வராது.

திருவிழாக் கடைசி நாள் அசனத்துக்கு நானும் போனேன். வரிசை கோவில் முற்றத்தைச் சுற்றிப் போயிற்று. முன்னால் பெரிய அண்டா, அதன் பக்கத்தில் அகப்பையோடு அக்கா, வேர்த்து விறுவிறுத்து. அண்ணாச்சி தட்டை நீட்டினார். அக்கா அகப்பையை அண்டாவிலேயே நிறுத்தினார்.

“வாயத் தெறங்க.”

“என்னது?”

“தெறங்கன்னேன்.”

ஊர் பார்த்திருக்க அண்ணாச்சி வாயைத் திறந்தார். அக்கா குனிந்து நாக்குக்கு மேலே பார்த்தார், நாக்கைத் தூக்கச் சொல்லிக் கீழே பார்த்தார், இடது கன்னம், வலது கன்னம். வாயைத் திறந்தபடியே அண்ணாச்சி எதையோ சொன்னார். பக்கத்தில் நின்ற எங்களுக்குப் புரியவில்லை.

“மூடிக்கிட்டுச் சொல்லுங்க.”

வாயை மூடிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “எம் பொண்டாட்டி அப்படிச் செய்ய மாட்டா. நாந்தான் கோட்டிக்காரன்.”

அக்கா நிறைய ஊற்றினார். அடுத்தது கொட்டகைக்காரர் ஒருவர். அவர் யாரும் சொல்லாமலே வாயைத் திறந்துகொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கமிட்டிக்காரர்கள் நாலு பேரும் திறந்தார்கள். ஆண்கள் அத்தனை பேரும் ஒரு கையில் தட்டும் திறந்த வாயுமாக வரிசையில் நகர்ந்தார்கள். அக்கா ஒவ்வொரு வாயையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினார்.

கடைசியில் என் முறை வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் திறந்தேன். அக்கா உள்ளே பார்க்கவே இல்லை.

“ஒன் வாய எனக்குத் தெரியும்,” என்றார். “மூடிக்கிட்டுத் தட்ட நீட்டு.”